எதிர்த்தரப்புச் சாட்சி

ஜூலை 3

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

நான் சுகம். நீ சுகமான்னு கேக்கத்தான் போன் போட்டேன். "கிளாஸுக்கு நேரமாச்சு, சுருக்கமா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டே. சுருக்கமா சொல்றதுக்கு நான் என்ன தந்தியா? அதான் கடுதாசிக்கு வந்துட்டேன். இதுல ஒரு சௌகரியம், குறுக்க யாரும் பேச முடியாது. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்க. பள்ளிக்கூடத்து வாசல்ல நான் மழைக்குத்தான் ஒதுங்கினவன்.

வீட்டுல எல்லாம் நல்லபடியா நடக்குது. சமையல் நான், குறை சொல்றது நம்ம பொண்ணு. நேத்து குழம்பை வாயில வச்சுட்டு, "அப்பா, டியூப் ஒட்டுற பசையை மாத்தி ஊத்திட்டீங்களா?"ன்னு கேக்குறா. உன் மூக்கு, உன் நாக்கு, உன் பொண்ணு.

முக்கியமான சேதி இனிமேதான். பஞ்சர் கடையில பாதியைத் தடுத்துப் பலகை அடிச்சுட்டேன். அது உன் ஆபீஸ். ஒரு மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு ஜன்னல். போர்டும் எழுதச் சொல்லியாச்சு. பக்கத்துக் கடை தையக்காரர் வந்து எட்டிப் பாத்தாரு. "ஏம்பா, இந்தப் பக்கம் ஓட்டையை அடைப்பே, அந்தப் பக்கம் உன் பொண்டாட்டி ஓட்டை போடுவாளா?"ன்னாரு. நான் சிரிக்கலை. அப்புறம் அவர் போனதும் சிரிச்சேன்.

ஆமா, கோர்ட்டுக்குப் போயி சும்மா உக்காந்து பாக்கறதும் ஒரு பாடமாமே? பொண்ணு சொன்னா. வேடிக்கை பாக்கறதுக்கு மார்க் போடுவாங்கன்னா நம்ம ஊர்ல பாதிப் பேரு பட்டம் வாங்கியிருப்பான். அங்க என்னதான் பாக்குறேன்னு எழுது.

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரன்

ஜூலை 9

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்து நான் சிரித்த சிரிப்பில் விடுதி அறைப் பிள்ளைகள், "என்னக்கா, என்னக்கா?" என்று கூடிவிட்டார்கள். ஆபீஸ் விஷயம் படித்ததும் கண் கலங்கிவிட்டது. பலகை அடிக்கும்போது கையைக் கிழித்துக்கொள்ளவில்லையே?

சும்மா உட்கார்ந்து பார்ப்பது என்று லேசாகச் சொல்லிவிட்டீர்கள். காலையிலேயே போய்க் கடைசி பெஞ்சில் இடம் பிடிக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. நீதிபதி நுழைந்தால் எழ வேண்டும். யார் என்ன கேட்டார்கள், சாட்சி எங்கே தடுமாறினார், நீதிபதி எப்போது பேனாவைக் கீழே வைத்தார் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வந்து வகுப்பில் பேச வேண்டும்.

இங்கே ஒரு மூத்த வக்கீல் இருக்கிறார். எல்லோரும் சீனியர் அம்மா என்பார்கள். என்னைவிடக் குள்ளம், தேய்ந்த செருப்பு, மெல்லிய குரல். ஒரு லாரி டிரைவர், தான் எல்லாவற்றையும் பார்த்ததாகச் சாட்சி சொன்னான். சீனியர் அம்மா எழுந்து சின்னச் சின்னதாய்ச் சில கேள்விகள் கேட்டார். கோபமில்லை, சத்தமில்லை. கடைசியில் அவன் வாயாலேயே, அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று வந்துவிட்டது. அவர் அதோடு உட்கார்ந்துவிட்டார். இன்னொரு வார்த்தை அதிகம் கேட்கவில்லை. எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும் போலிருந்தது. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டேன்.

எங்களுக்கு அவர் சொன்ன முதல் விதி: குறுக்கு விசாரணையில் பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே. இரண்டாவது: சாட்சியைக் கதை சொல்ல விடாதே.

அந்த இரண்டாவதில்தான் நான் விழுகிறேன். அடுத்த மாதம் கல்லூரியில் மாதிரி விசாரணை. சீனியர் அம்மாதான் நீதிபதியாக உட்கார்வார். அதில் தேறாவிட்டால் இந்த வருஷம் படிப்பு முடியாது. ஒத்திகையில் சாட்சி பேச ஆரம்பித்தால் நான் முழுக்கக் கேட்டுக்கொண்டே நிற்கிறேன். கேள்வி மறந்துபோகிறது. பேராசிரியர், "நீங்க ரொம்ப நல்லா கேக்குறீங்கம்மா. ஆனா வெட்டவே மாட்டேங்கறீங்களே. வீட்டுல யார்கிட்ட இப்படிப் பழகுனீங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

நன்றாகச் செய்கிறவர்களில் ஒருவரை சீனியர் அம்மா தன்னிடமே ஜூனியராக வைத்துக்கொள்வாராம். அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. நமக்கெதற்கு?

அன்புடன்,
உங்களவள்

ஜூலை 14

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

யார்கிட்டப் பழகுனேன்னு பேராசிரியர் அம்மாகிட்டச் சொல்ல வேண்டியதுதானே? வாயாடிப் புருசன்னு ஊருக்கே தெரியும், உன் காலேஜுக்கும் தெரியட்டும். எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருந்துச்சு, ஒரு டீ குடிச்சேன், போயிடுச்சு.

நீ எழுதினதைப் படிச்சதுக்கப்புறம் எனக்குக் கடையில இருப்புக்கொள்ளலை. பொண்ணைக் கடையில உக்கார வச்சுட்டு நானே நம்ம டவுன் கோர்ட்டுக்குப் போயிட்டேன். போற வழியில ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. ஒரே ஒரு முள்ளுதான்னு சாதிக்கிறாரு. டயரைப் பாத்தா முள்ளுக்காட்டையே சுருட்டி வச்சிருக்காரு. அதைச் சொல்ல வரலை. எதையோ சொல்ல வந்தேன்.

ஆங், கோர்ட்டு. கடைசி பெஞ்சுல உக்காந்தேன், உன்னை மாதிரியே. பேரு கூப்பிடறவர் ஒரு குரல் குடுத்தாரு பாரு, எம்மேல கேஸே இல்லை, நான் எந்திரிச்சு நின்னுட்டேன். ஒரு சாட்சி, பாவம், மாடு காணாமப் போனதைச் சொல்ல வந்தவன், அந்த மாடு கன்னுக்குட்டியா இருந்த காலத்துலேர்ந்து ஆரம்பிச்சான். எனக்கு அவ்வளவு சொகமா இருந்துச்சு. வக்கீல் பட்டுன்னு, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுய்யா"ன்னுட்டாரு. அந்த ஆளு மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா நீ அந்த வக்கீல் மாதிரி வெடுக்குன்னு பேசமாட்டே. அது எனக்குத் தெரியும். நீ அந்தக் கறுப்புக் கோட்டுல நிக்கறதை நினைச்சுப் பாத்தேன். பெஞ்சுல பக்கத்துல இருந்தவன்கிட்ட, "எம் பொண்டாட்டியும் வக்கீலுக்குப் படிக்குது"ன்னு சொன்னேன். அவன் ஜாமீனுக்கு வந்தவன். "விலாசம் குடுங்க"ன்னான்.

மாதிரி விசாரணைக்குச் சாட்சியா நடிக்க வெளியாளுங்க வேணும்னு போன்ல சொன்னேல்ல? நான் வர்றேன். என்னை மாதிரி சாட்சி உனக்கு எங்க கிடைப்பான்?

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரன்

ஜூலை 22

அன்புள்ள உங்களுக்கு,

பேராசிரியர் மறுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அவரையே கூட்டிட்டு வாங்க. உங்களுக்கு எதிர்த்தரப்புச் சாட்சியா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இனி என் கையில் ஒன்றுமில்லை.

வழக்கு இதுதான். கடைத்தெருவில் ஒரு காய்கறித் தள்ளுவண்டியும் ஒரு மோட்டார் சைக்கிளும் மோதிக்கொண்டன. யார் மீது தவறு என்பது கேள்வி. நான் மோட்டார் சைக்கிள்காரருக்கு வக்கீல். நீங்கள் தெருவோரத்துப் பஞ்சர் கடைக்காரர். மோட்டார் சைக்கிள் வேகமாக வந்து மோதியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்ல வேண்டும். உங்கள் பகுதி இத்துடன் இருக்கிறது. அரைப் பக்கம்தான். பொண்ணை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கும்பிட்டுக் கேட்கிறேன், தாளில் இருப்பதை மட்டும் சொல்லுங்கள். எனக்கு விட்டுக்கொடுத்தும் பேச வேண்டாம், அது ஏமாற்று. வளவளவென்றும் வேண்டாம். எனக்கு இரவெல்லாம் கனவில் நீங்கள் பேசிக்கொண்டே இருக்கிறீர்கள், நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், மணி அடித்துவிடுகிறது.

அன்புடன்,
உங்களவள்

ஆகஸ்ட் 6

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

பஸ் பிடிச்சு நல்லபடியா வந்து சேந்துட்டேன். அன்னைக்கு உங்கிட்ட நின்னு பேச முடியலை, உன்னைச் சுத்திப் பிள்ளைங்க கூட்டம். அதனால இப்பச் சொல்றேன். நடந்தது உனக்குத் தெரிஞ்ச கதைதான். ஆனா கூண்டுக்குள்ள நின்னவனுக்கு எப்படி இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாதே.

தாள்ல இருந்ததை மனப்பாடமாத்தான் வச்சிருந்தேன். தள்ளுவண்டிக்காரர் தரப்புக்கு வக்கீலா நின்ன பையன், "அன்னைக்கு என்ன பாத்தீங்க?"ன்னு கேட்டான். அம்புட்டுத்தான், நாக்கு அவுத்துவிட்ட கன்னுக்குட்டி ஆயிடுச்சு. வெயிலைச் சொன்னேன், ஒரு டியூப் சிக்கினதைச் சொன்னேன், அதைத் தொட்டித் தண்ணியில முக்கிக் குமிழி பாத்துக்கிட்டு இருந்ததைச் சொன்னேன். கடைசியில, ஞாபகம் வந்து, மோட்டார் சைக்கிள் மோதினதையும் சொன்னேன். இதெல்லாம் தாள்ல இல்லைதான். நான் உனக்கு விட்டுக்கொடுக்கலை, சத்தியமா. எனக்கு அப்படித்தான் பேச வருது.

நீ எந்திரிச்சே. நான் பாட்டுக்கு இன்னும் பேசிக்கிட்டு இருக்கேன். நீ வீட்டுல நிக்கற மாதிரியே, தலையைச் சாச்சுக் கேட்டுக்கிட்டு நின்னே. பசங்க சிரிக்கிறாங்க. சீனியர் அம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. பேனாவைப் பத்தி நீ எழுதியிருந்தியே, இனி எழுதிக்க ஒண்ணுமில்லைன்னு வச்சுட்டாங்க போல. போச்சுடா, எம் பொண்டாட்டி படிப்பை நானே தின்னுட்டேன்னு நினைச்சேன். வாயை மூடணும்னு தெரியுது, மூட வரலை.

அப்போ நீ கையைத் தூக்கினே. லேசாத்தான்.

"ஐயா, நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க."

ஐயாவாம்! என்னை!

"சத்தம் கேட்டப்போ நீங்க தொட்டிகிட்ட இருந்தீங்க?"

"ஆமா, அந்தத் தொட்டி இருக்கே, அது எங்க மாமனாரு..."

"ஆமாவா?"

"ஆமா."

"தொட்டி கடைக்கு உள்ள இருக்கு?"

"ஆமா."

"குமிழி எங்க வருதுன்னு பாக்கணும்னா, கண்ணைத் தண்ணியை விட்டு எடுக்கக் கூடாது?"

"ஆமா. எடுத்தா மறுபடியும் முதல்லேர்ந்து..."

மறுபடியும் கை.

"தெரு உங்க முதுகுக்குப் பின்னால இருந்துச்சு?"

அப்பத்தான் எனக்கே உறைச்சுது.

"ஆமா."

"சத்தம் கேட்டுத்தான் திரும்புனீங்க?"

"ஆமா."

"வேற கேள்வி இல்லை."

உக்காந்துட்டே. நான், "இல்லம்மா, ஏன் திரும்பினேன்னா"ன்னு ஆரம்பிச்சேன். சீனியர் அம்மா, "நீங்க இறங்கலாம்"னுட்டாங்க. அவங்க உதட்டுல ஒரு சிரிப்பு இருந்துச்சு. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருந்தே, பாத்திருக்க மாட்டே. நான் பாத்தேன். இது கண்ணால பாத்த சாட்சி.

கூண்டுலேர்ந்து இறங்கி நேராக் கடைசி பெஞ்சுக்குப் போயிட்டேன். அவமானம்னு நினைக்காதே. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் தொட்டியைப் பத்தி, டியூபைப் பத்தி, எவன் எவன் சைக்கிளைப் பத்தியோ உங்கிட்ட உளறியிருக்கேன். நீ அடுப்பைப் பாத்துக்கிட்டு "ம்"னு சொல்லுவே. காதுல வாங்கறதில்லைன்னு நினைச்சிருந்தேன். ஒண்ணு விடாம வாங்கியிருக்கே! ஊரே சும்மா கேக்குற பேச்சுல நீ ஒருத்திதான் எங்க ஓட்டைன்னு பாத்திருக்கே. பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் பேச்சுக் குடுத்தான். நான் பேசலை. உன்னை நினைச்சுக்கிட்டே வந்தேன்.

தையக்காரர் சொல்றாரு, "பொண்டாட்டிகிட்டத் தோத்துட்டு அதை ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியற மொத ஆளு நீதாய்யா"ன்னு.

போர்டு வந்துடுச்சு. மாட்டி வச்சு, தூசி படக்கூடாதுன்னு துணி போட்டு மூடியிருக்கேன். ஜன்னலுக்கு நீல பெயிண்ட். எப்ப வர்றே?

இப்படிக்கு,
பஞ்சர் கடைக்காரன்

ஆகஸ்ட் 13

அன்புள்ள உங்களுக்கு,

தேறிவிட்டேன். படிப்பு முடிந்தது. முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன், பிறகுதான் என் அக்காவுக்கு.

மாதிரி விசாரணை முடிந்ததும் சீனியர் அம்மா என்னைக் கூப்பிட்டார். "வெட்டறதை யாரும் கத்துக்கலாம். இப்படிக் கேக்கறதை எங்க கத்துக்கிட்டே?" என்றார். இந்த முறை பதில் சொன்னேன். "சாட்சி என் வீட்டுக்காரர்தாங்க" என்றேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது.

பிறகு கேட்டார். தன்னிடம் ஜூனியராக இருக்கச் சொல்கிறார். இங்கேயே, இரண்டு வருஷம். மாதம் ஒரு முறைதான் வீட்டுக்கு வர முடியும். வாய் திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த நீதிமன்றத்தில், அவர் பக்கத்து நாற்காலியில். நமக்கெதற்கு என்று போன மாதம் எழுதினேனே, அது பொய். கண்ணை மூடினால் அந்த நாற்காலிதான்.

நீங்கள் அடித்த பலகையும், துணி போட்ட போர்டும், நீல ஜன்னலும் எனக்குத் தெரியாமலில்லை. அதனால்தான் ஒரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதினேன்.

பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது முதல் விதி. அதை இன்று மீறுகிறேன். நான் இங்கே இருக்கட்டுமா?

ஆமா, இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் விளக்கிச் சொல்ல ஆரம்பித்தால் நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். கேட்டுக்கொண்டே மூட்டையைக் கட்டிவிடுவேன்.

அன்புடன்,
உங்களவள்

ஆகஸ்ட் 17

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

ஆமா.

இப்படிக்கு,
எதிர்த்தரப்புச் சாட்சி