உனக்குப் போர்த்திய பொன்னாடை

இன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸ் பாலத்தடியில் புதுச் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசையின் புளித்த வாடை தெருவரை வந்தது. அடுத்த மாதம் மல்யுத்தமாம். மல்லர்களின் படத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'உடல் ஊனமுற்றோருக்கு இலவசம்.' தோழி, நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

இளம்பிள்ளை வாதம் உன் கால்களை எடுத்துக்கொண்டது. ஆனாலும் உன்னைப்போல் மல்யுத்தம் பார்த்தவர்களை நான் அறியேன். வாடகை வீடியோ டேப்பை நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு பிடியையும் எனக்குக் காட்டுவாய். "இவன் விழல டீ, விழுற மாதிரி நடிக்கிறான். அதுக்கும் தெம்பு வேணும்." நான் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் உன்னையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு முறையாவது நேரில், உன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்க்க வேண்டும் என்பாய். தையல் வருமானத்தில் நம் இருவருக்கும் நீதான் டிக்கெட் வாங்கினாய்.

அந்த ஞாயிறு மதியம் அரங்கத்தின் வாசலில் ஏற்பாட்டாளர் ஒருவர் நின்றிருந்தார்.

"உங்களுக்குத்தான் ஃப்ரீ ஆச்சே தங்கச்சி, ஏன் டிக்கெட் வாங்குனீங்க?"

"டிக்கெட்ட விடுங்கண்ணே. இத்தன படி இருக்கே, நான் எப்படி ஏறுறது?"

"பயப்படாதீங்க லா, ஆளு இருக்கு."

இரண்டு பேர் வந்தார்கள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கினார்கள். "என் சேர்! சேரையும் கொண்டாங்க!" என்று கத்தினாய். "அது வழிய மறைக்கும்" என்று அதைச் சோடா பெட்டிகளோடு ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். உன்னை முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இறக்கினார்கள். பின்னாலிருந்து யாரோ "கெசியான்" என்றார்கள். 'ஐயோ பாவம்' என்னும் அந்த மலாய்ச் சொல் உனக்கு ஆகவே ஆகாது.

இரண்டாவது போட்டியின்போது என் காதருகே குனிந்தாய். "ஏய், டாய்லெட் போகணும். சேர எடுத்துட்டு வா."

இதற்குப் பயந்தே காலையிலிருந்து நீ தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஓடினேன். சாவி அதே ஏற்பாட்டாளரிடம் இருந்தது; பிரமுகர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இந்த ஒரு ஃபைட் முடியட்டும்மா, நானே தூக்கிட்டுப் போறேன்" என்றார். நான் அவரைத் திட்டியிருக்க வேண்டும். குரல் உயர்த்திப் பழகாதவள், பக்கத்தில் நின்று காத்திருந்தேன்.

சண்டை முடிந்தும் அவர் எழவில்லை; நான் வெறுங்கையோடு திரும்பியபோது உன் பாவாடை நனைந்திருந்தது. நீ இமைக்காமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்போதுதான் ஒலிபெருக்கி முழங்கியது. "ஊனத்தை வென்று வந்திருக்கும் நம் அன்புச் சகோதரிக்கு..." நம் ஆட்களுக்கு எந்த நிகழ்ச்சியானாலும் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தியாக வேண்டும். சங்கத் தலைவர் சிரித்துக்கொண்டே வந்து உன் தோளில் போர்த்தினார். படம் எடுத்தார்கள். அரங்கமே எழுந்து கைதட்டியது. உனக்குக் கீழே தரை ஈரமாக இருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

அவர் நகர்ந்ததும் பொன்னாடையை உருவி இடுப்பில் சுற்றிக்கொண்டாய். "எதுக்கு டீ இத்தன ஜரிகை? தண்ணியே உறிஞ்ச மாட்டேங்குது" என்றாய். அதன்பிறகு நீ ஒரு டேப்கூட வாடகைக்கு எடுக்கவில்லை.

உன் சாவு வீட்டிலும் ஒருவர் அதைப் பெருமையாகச் சொன்னார். "பொண்ணுக்கு அவ்வளவு கூட்டத்துல பொன்னாடை போத்தினாங்களே!" எனக்கு அவர்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்த அருவருப்பு பெரிது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று அரங்கம் எழுந்தபோது நானும் எழுந்தேன். எல்லாம் தெரிந்த நானும் கைதட்டினேன். நீ கீழிருந்து நிமிர்ந்து என் கைகளை ஒரு தடவை பார்த்தாய். அதைப்பற்றிக் கடைசிவரை நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது எந்தக் கூட்டத்திலும் யாராவது பொன்னாடையை விரித்தால் என் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொள்கிறேன். திமிர் பிடித்தவள் என்கிறார்கள். எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். நான் உட்கார்ந்தே இருக்கிறேன்.