ஐந்து வாட் பெட்டியும் அத்தானின் குரலும்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

ஒக்கூர் வீட்டில் உங்கள் சட்டை, வேட்டியெல்லாம் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. உங்கள் லாரியை வேறொருவர் ஓட்டுகிறார். அக்கா தேறிவிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அவளிடம் மூன்று மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதை முதலில் உங்களிடம் ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வடக்கே லோடு ஏற்றிப் போனால் வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் அக்காவுக்கு வீடியோ எடுத்து அனுப்புவீர்கள். "இந்தா பாரு சாந்தி, இங்குட்டு ஒட்டகம் ரோட்டக் கடக்குது" என்று ஒரே சத்தமாக இருக்கும். ஒக்கூரில் நெட் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதனால் நாள் முழுக்க விழித்திருந்து அவற்றை இறக்கி வைக்க ஒரு சின்ன சர்வர் வேண்டும் என்று நான்தான் யோசனை சொன்னேன். காரைக்குடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் சொன்னால் யார் மறுப்பார்கள்?

நீங்கள் மறுத்தீர்கள்.

"ஒன் கடையில கெடக்குற பழைய லேப்டாப்ப வையி மாப்ள. கரண்டு போனாலும் பேட்டரி இருக்கு, டிஸ்க்கு உள்ளயே ஸ்குரு போட்டு முறுக்கிக் கெடக்கு."

"அது இருவது வாட்டு தின்னும் அத்தான். விசிறி வேற கத்தும். உள்ளங்கை அகலத்துல ஒரு போர்டு இருக்கு, அஞ்சு வாட்டுல ஓடும். நீங்க லாரியப் பாருங்க, இத நான் பாத்துக்கிறேன்."

போர்டை வாங்கி, அதில் ஒரு டிஸ்க்கை வயரால் தொங்கவிட்டு, கூடத்து அலமாரியில் வைத்தேன். அடுத்த முறை வந்தபோது இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தீர்கள். "லோடு ஏத்துனாக் கயிறு போடணும்டா. இது ஆடுது" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்களும், "சரி, படிச்சவன் நீ" என்று விட்டுவிட்டீர்கள். ஏன் விட்டீர்கள் அத்தான்? கயிறு தளர்ந்தால் கிளீனரைத் திட்டித் தீர்க்கிறவர், என்னிடம் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டீர்கள்?

கெட்டிக்காரத்தனம் அதோடு நிற்கவில்லை. ஆன்லைனில் இடம் நிறைந்துவிடும் என்று, ஒரு வீடியோ வீட்டுக்கு இறங்கியதும் மேலே இருப்பது தானாக அழியும்படி செய்திருந்தேன். உங்கள் போனிலும் இடமில்லாமல் அவ்வப்போது துடைத்துவிடுவீர்கள். அக்காவிடம் இருப்பது பட்டன் போன். ஆக, உங்கள் முகமும் பேச்சும் இருந்த ஒரே இடம் அந்த டிஸ்க். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அக்கா டிவியில் உங்களைப் போட்டுக்கொள்வாள். "அவரு பேசுனாத்தான்டா எனக்குச் சோறு எறங்குது" என்பாள்.

லீவில் வந்திருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உங்களை வைக்க ஐஸ் பெட்டி வந்தது. கொண்டு வந்தவர், "அண்ணே, பெரிய பிளக் எங்குட்டு இருக்கு?" என்று கேட்டார். கூடத்தில் பெரிய பிளக் ஒன்றுதான். அதில் என் சர்வரின் வயர் செருகியிருந்தது. அலமாரிக் கதவில் வயர் சிக்கியிருந்ததைக்கூடப் பார்க்காமல் ஒரே இழுப்பாக இழுத்தேன். போர்டு சரிந்தது. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் அதோடு வந்து கல்தரையில் விழுந்தது. "அது கெடக்கட்டும்ப்பா, இங்க பாரு" என்று யாரோ சொன்னார்கள். நானும் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு உங்களைத் தூக்க வந்தேன்.

பதினாறாம் நாள் முடிந்ததும் அக்கா கேட்டாள். "தம்பி, அவரு பேசுறதப் போட்டு விடுடா."

"சின்ன ரிப்பேருதான்க்கா. சரி பண்ணித் தாரேன்."

மதுரையில் டிஸ்க் மீட்டுக் கொடுப்பவரிடம் கொண்டுபோனேன். திறந்து பார்த்தார். உள்ளே தட்டு முழுக்கக் கீறல். ஒன்றுமே எடுக்க முடியாது என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குப் பிறகு என்ன செய்தேன் தெரியுமா? நாள் கடத்த ஒரு சாக்கு வேண்டுமே. பழைய லேப்டாப் ஒன்றை எடுத்து, பேட்டரியை மாற்றி, உள்ளே புது டிஸ்க் போட்டு முறுக்கி, இன்னொரு டிஸ்க்கில் நகலும் விழும்படி அமைத்தேன். என் கையால் செய்ததிலேயே உருப்படியான சர்வர் இதுதான். உள்ளே ஒரு வீடியோகூட இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

விஷயம் தெரியாத என் மனைவி, கடையில் அது ஓடுவதைப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொல்லிவிட்டாள். இன்று காலையில் அக்காவிடமிருந்து போன். "சரியாயிருச்சாமுல்ல? மத்தியானமே கொண்டாந்துருடா. நான் சாப்பிடாம இருக்கேன்." மூன்று மாதத்தில் அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்கவில்லை.

என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "விதிடா தம்பி, நீ என்ன பண்ணுவே" என்று என் தலையைத் தடவுவாள். அந்த விதியைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விதி வந்து வயரை இழுக்கவில்லை.

இன்று வெறுங்கையோடு போகிறேன் அத்தான். எதையும் டிவியில் செருகி, வேலை செய்கிற மாதிரி பாசாங்கு பண்ண மாட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிடுவேன், அவரை அழித்தவன் நான்தான் அக்கா என்று. அவள் என்னைத் திட்டி முடிக்கிறவரை எழுந்து போக மாட்டேன். பிறகு அவள் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். அதற்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சாந்தியின் தம்பி,
சேது