பொன்னாடையை நான்தான் போர்த்தினேன்

அன்பு மகள் பமேலாவுக்கு,

தோட்டத்து வீட்டிலிருந்து உன் அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லார் உடம்பும் சுகம், அப்பாவுக்கு மட்டும் மழை வந்தால் முட்டிவலியும் கூடவே வந்துவிடுகிறது. டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன். எனக்கு மனசுதான் கொதிக்கிறது, ஆனால் சந்தோஷமான கொதிப்பு. போனில் சொல்ல வந்தால் நீ பாதியிலேயே "போதும்லா மா, விட்டுடுங்க" என்கிறாய். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாதே, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அண்ணன் மகள் ஜோனிட்டாவுக்கு ஒன்பது வயதாகிவிட்டது. பேச்சு இன்னும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. நம் தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு தொடங்கியபோது நாம் எப்படிக் கூத்தாடினோம் என்று உனக்கே தெரியும், பிள்ளை மலாய்ப் பள்ளியில் போய் முழிக்க வேண்டாம், நம் மொழியிலேயே நாலு எழுத்துப் படிக்கும் என்று மாதா கோவில் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கிறிஸ்துமஸ் திறந்த இல்ல உபசரிப்புக்குத் தலைமையாசிரியர் திருச்செல்வத்தைக் குடும்பத்தோடு கூப்பிட்டோம், வந்தார், ஆட்டுக்கறியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஜோனிட்டா அவர் நாற்காலி பக்கத்திலேயே நின்றாள். அவர் காப்பியைக் குடித்துக் கோப்பையைக் கீழே வைத்ததும் எடுத்தாள், அவர் மனைவி கோப்பையையும் எடுத்தாள், அடுக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்க் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். வீட்டில் தன் தட்டைக்கூட எடுக்காத பிள்ளை! அவர் சிரித்துக்கொண்டே "பாத்தீங்களா ஆன்ட்டி, எல்லாம் எங்க டிரெய்னிங்" என்றார். கூட்டம் கைதட்டியது, நானும்தான் பல்லைக் காட்டினேன். எல்லாரும் போனபிறகு பிள்ளையை மடியில் உட்காரவைத்து ஸ்கூலில் என்னடா கண்ணு படிக்கிறாய் என்று கேட்டேன். "கப்" என்றாள். வேறு என்ன என்று கேட்டேன். யோசித்தாள், மறுபடியும் "கப்" என்றாள். அந்த ஆள் தின்றுவிட்டுப் போன கறியைத் திரும்ப வாங்க முடியாதே என்றுதான் இருந்தது பமேலா.

பின்வீட்டு உஷாராணியின் மகனும் அதே வகுப்புதான். அவன் சட்டை தினமும் நனைந்தே வருகிறது என்று அவளும் மனசுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து விசாரித்ததில்தான் வண்டவாளம் வெளியே வந்தது. சிறப்பு வகுப்பு அறையில் விளையாட்டுப் போட்டிக் கூடாரங்களை அடுக்கிப் பூட்டு போட்டிருக்கிறார்கள். அந்த வகுப்புக்கென்றே வந்த ஜானகி டீச்சர் ஆபீஸில் உட்கார்ந்து தலைமையாசிரியருடைய கணினி வேலையைப் பார்க்கிறார். பிள்ளைகள் ஆசிரியர் அறையில் கோப்பை கழுவி, நடைபாதை கூட்டி, மிச்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளி திறந்த கையோடு நேரே போய்த் திருச்செல்வத்திடமே கேட்டேன். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, நாற்காலி போட்டு, "ஆன்ட்டி, இவங்களுக்கு வாழ்க்கைத் திறன்தான் முக்கியம், எழுத்தெல்லாம் ஏறாது" என்றார். நான் குரலை உயர்த்தியதும் அவரும் குரலை மாற்றினார். மேலே புகார் போனால் வகுப்பையே மூடிவிடுவார்கள், பிள்ளை வீட்டில்தான் உட்காரும், நம்ம தமிழ்ப்பள்ளியை நாமே காட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் புவனேஸ்வரனும் அதே பாட்டைத்தான் பாடினார். நம்ம பள்ளி, நம்ம பள்ளி என்று சொல்லியே நம் கழுத்தைப் பிடிக்கிறார்கள். உன் அண்ணன் பிரான்க்ளின் பயந்து வாயை மூடிக்கொண்டான். நானும் மூடிக்கொண்டேன், ஆனால் பயத்தில் இல்லை. ஆடு பகை குட்டி உறவா? பிள்ளைகளை வேண்டாதவருக்குப் பள்ளி மட்டும் எப்படி நம்ம பள்ளியாகும்? நேரம் வரட்டும் என்று இருந்தேன்.

நேரம் தானாகவே வந்தது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு மலாய் அம்மா வருகிறாராம், சிறப்புக் கல்விக்குச் சேவை செய்தவர் என்று அவர் முன்னால் திருச்செல்வத்துக்குப் பொன்னாடை போர்த்தவேண்டுமாம், அதுவும் அந்த வகுப்புப் பிள்ளையின் வீட்டு ஆள் கையால். புவனேஸ்வரன் எனக்கே போன் போட்டு "அக்கா, நீங்கதான் சபையில லட்சணமா நிப்பீங்க, பட்டு கட்டிக்கிட்டுப் பேத்தியையும் கூட்டிக்கிட்டு வாங்கலா" என்றார். கையில் பொன்னாடையைக் கொடுத்து மேடையில் ஏற்றிவிட்டால் வாய் அடைத்துவிடும் என்று கணக்கு. நம் ஆட்கள் மேடையில் மரியாதை கிடைத்தால் எதையும் மறந்துவிடுவார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தை நம்பித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் தேனாகப் பேசி, சரி தம்பி என்றேன்.

நீ வாங்கித் தந்த மெரூன் பட்டைத்தான் கட்டினேன். தட்டில் பொன்னாடை வந்தது, திருச்செல்வம் கையைக் கட்டிக்கொண்டு கழுத்தைக் குனித்து நின்றார். நான் மைக்கை வாங்கி, அந்த அம்மாவுக்குப் புரியவேண்டும் என்று எனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயிலேயே பேசினேன். புவான் என்றுதான் அவரை மரியாதையாக விளித்தேன். இது சிறப்பு வகுப்பில் வேலை செய்தவர்களுக்கு உள்ள மரியாதை, வேலை செய்தவள் இதோ இருக்கிறாள் என்று ஜோனிட்டாவைக் கூப்பிட்டு அவள் தோளில் போர்த்தினேன், அது அவள் கால்வரை தொங்கியது. என்ன வேலை என்றும் சொன்னேன், கோப்பையிலிருந்து துடைப்பம் வரை ஒன்றையும் விடவில்லை. வகுப்பறை எங்கே என்று கேளுங்கள், சாவி இவரிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். குனிந்த கழுத்து குனிந்தபடியே இருந்தது பமேலா! உன் கல்யாணத்தன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை, கோபித்துக்கொண்டாலும் சரி. புவனேஸ்வரன் மைக்கைப் பிடுங்கப் பார்த்தார், விடுவேனா? கீழேயிருந்து உஷாராணி எழுந்து நின்றாள், அப்புறம் மற்றப் பெற்றோரும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அந்த அம்மா எழுந்து சாவியை வாங்கிக்கொண்டு நேரே அந்த வகுப்பறைக்கு நடந்தார். கதவைத் திறந்ததும் கூடாரக் கம்புகள் அவர் காலடியில் சரிந்தன. திருச்செல்வத்துக்கு வேண்டும், நன்றாக வேண்டும்!

இப்போது அறை காலியாகிவிட்டது, ஜானகி டீச்சர் வகுப்பில் இருக்கிறார். வகுப்பை இன்னும் மூடவில்லை, மூடிவிடுவார்களோ என்று உன் அப்பா தினமும் புலம்புகிறார், மூட வரட்டும், வாசலில் நான் இருப்பேன். நம் செலண்டார் பசார் கடைகளில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எல்லாம் தவறான புரிதல் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லித் திருச்செல்வத்திடமிருந்து பழக்கூடை வந்தது, வந்த வழியே அனுப்பினேன். தவக்காலம், மன்னித்துவிடம்மா என்று ஃபாதர் சொன்னார். அந்த ஆள் முதலில் ஜோனிட்டாவிடம் மன்னிப்புக் கேட்கட்டும் ஃபாதர், அப்புறம் யோசிக்கிறேன் என்றேன். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லப்போவதும் இல்லை, செய்ததற்கு வருந்தும் மனஸ்தாபம் இல்லாமல் சொன்னால் அது வேறு பாவம்.

நீ நைட் ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் யார் படிப்பிக்கிறார், என்ன படிப்பிக்கிறார் என்று முதலில் பார், நன்றியெல்லாம் பிறகு சொல்லலாம்.

இன்னொன்று. திருச்செல்வத்தைக் கிளேபாங் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கு மாற்றுகிறார்களாம், அங்கேயும் சிறப்பு வகுப்பு உண்டு. சனியன் தொலைந்தது, விடு என்கிறார் அப்பா. எப்படி விடுவது? அங்கே பிள்ளையைச் சேர்த்திருக்கும் ஒரு பெண்ணை நம் கோவில் ஆள் மூலம் பிடித்து ஒரு மணி நேரம் பேசிவிட்டேன். அந்த ஆள் அங்கே நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அவர் கதை போய் உட்கார்ந்திருக்கும்.

மாதா உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும், சீக்கிரம் மடி நிறையட்டும். ஜோனிட்டா பிறந்தநாளுக்கு மறக்காமல் போன் செய். என்ன படித்தாய் என்று அவளையே கேள், இப்போது சொல்வதற்கு அவளிடம் ஏதோ இருக்கிறது, ஆனால் மெதுவாகத்தான் வரும். அவள் சொல்லி முடிக்கும்வரை போனை வைத்துவிடாதே.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா
ஜெயமேரி சின்னப்பன்