கட்டணம் கேட்காத வக்கீல்

அன்புள்ள கோமதிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டதா?

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் கையை இழந்த பென்னிக்காக, சட்ட உதவி மையத்தின் வழியாக இழப்பீட்டு வழக்கு நடத்தி வந்தேன் அல்லவா? போன வாரம் அவன் மனைவி சாராள் வந்து வழக்குக் கட்டைத் திருப்பிக் கேட்டாள். கம்மலை அடகு வைத்து வேறு வக்கீல் பிடித்திருக்கிறாளாம்.

“ஏம்மா?” என்றேன்.

“தப்பா நெனைக்காதீங்க சார். எங்க காசுல ஒரு டீகூட நீங்க குடிச்சதில்ல. அப்போ கம்பெனிக்காரன்தான் உங்களுக்குக் குடுக்கறான்னு எல்லாரும் பேசிக்கினு கீறாங்க.”

“நீ பிடித்த வக்கீல் ஆலை மேலாளரின் மைத்துனர், தெரியுமா?”

“பொறாமைல பேசாதீங்க சார். அவரு பீஸ் வாங்கிக்கினாரு, வேலை செய்வாரு.”

கட்டைக் கொடுத்துவிட்டேன். பென்னிக்கு இனி எதுவும் கிடைக்காது. பாவம் என்று எழுதத்தான் நினைத்தேன், கை வரவில்லை. நீ இதற்காக வருந்தாதே.

இரண்டு வேட்டியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனைச் சீக்கிரம் வைத்துவிடாதே. சாராள் போனதிலிருந்து மையத்துக்கு யாரும் வரவில்லை. அறைக்குத் திரும்பும் ரயிலுக்கு நேரமாகிறது.

உன்,
சிதம்பரநாதன்