வலது பக்கத்து ஸ்கிரீன்

ஆனையூர்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் செல்விக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக் கம்பளி போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன், அப்படி இல்லையென்றால் நீதான் சொல்ல வேண்டும். போனில் பேசினால் பாதியிலேயே "மீட்டிங் வந்திருச்சும்மா, வைக்கிறேன்" என்பாய், அதனால் டைப் அடித்தே அனுப்புகிறேன். இதற்கு நடுவில் எந்த மீட்டிங்கும் வராது.

ஆயுத பூஜைக்கு வழக்கம்போல அரிவாள்மனை, தையல் மிஷின், ஸ்கூட்டி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கம்ப்யூட்டரையும் விடவில்லை. இரண்டு ஸ்கிரீனையும் வயரைப் பிடுங்கிக் கீழே இறக்கித் துடைத்து, கண்ணாடியில் வைத்தால் நீ கத்துவாய் என்று ஓரச் சட்டத்தில்தான் பொட்டு வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பொரிகடலை வாங்க வந்தான் உன் மாமா மகன் அழகுபாண்டி. திருப்பரங்குன்றத்தில் புதிதாக ஜெராக்ஸ் கடை போட்டிருக்கிறான் இல்லையா, கண்ணெல்லாம் ஸ்கிரீன் மேலேயே இருந்தது. "ஏன் அத்த, ஒத்த ஆளுக்கு எதுக்கு ரெண்டு டிவி? ஒண்ணத் தாங்க, நம்ம கடைல வச்சுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். வாய்க்கொழுப்பு அவனுக்கு. ஆனால் ஒத்த ஆள் என்று அவன் சொன்னது பொய்யில்லையே, எனக்குச் சுருக்கென்றது. இடது பக்கத்து ஸ்கிரீன் நீ வீட்டில் இருந்தபடி ஆபீஸ் வேலை பார்த்தது, அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வலது பக்கத்தில் இருந்த என்னுடையதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உன்னுடையதற்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் பார் கூத்தை. உன் சித்தி மகள் முத்துமீனா தன் பிள்ளைகளுக்கு எழுமலையில் தை மாதம் காது குத்துகிறாள், பத்திரிகையை நான்தான் டைப் அடித்து வைத்திருந்தேன். அதில் தாய்மாமன்மார் பெயரை எந்த வரிசையில் போடுவது என்று அம்புட்டுப் பஞ்சாயத்து நடந்து முடிந்திருந்தது. அவள் மூத்த அண்ணன் விருமாண்டியை உனக்குத் தெரியும். போன விசேஷத்தில் பெயர் இரண்டாவதாக வந்துவிட்டது என்று சீர்த்தட்டோடு மண்டப வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்றவன். பிரஸ்காரர் ஃபைலைக் கேட்டு போன் போட்டுக்கொண்டே இருக்கிறார், நான் டைப் அடிக்கும் எடிட்டரைத் திறக்கிறேன், கீழே பட்டையில் திறந்த மாதிரி காட்டுகிறது, ஸ்கிரீனில் ஒன்றையும் காணோம். மூடித் திறந்தேன், அணைத்துப் போட்டேன், அதே கதைதான். ஈரத்துணியால் துடைத்ததில் தண்ணீர் இறங்கி எல்லாம் அழிந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன். கம்ப்யூட்டரை நான் திட்டிய திட்டு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குத்தான் அன்றைக்கு உன் வேலை நேரம் என்று தெரிந்தும் கூப்பிட்டேன். நீ சலித்துக்கொண்டாலும் சொல்லிக்கொடுத்தாய். "ஒண்ணும் அழியலம்மா, எல்லாம் அங்கனதான் இருக்கு. நீ குடுத்துட்ட ஸ்கிரீன் இன்னும் வலது பக்கம் இருக்குன்னு நெனச்சு அங்க போயித் தெறந்து கெடக்கு" என்றாய். ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அமுக்கி, எம் தட்டி, அம்புக்குறியை ஒரு தடவை தொட்டுவிட்டு மவுஸை அசைக்கச் சொன்னாய். அசைத்தேன், ஸ்கிரீன் ஓரத்திலிருந்து விண்டோ மெதுவாக உள்ளே வந்தது. விருமாண்டி பெயர் முதலாவதாகவே இருந்தது. அட மீனாட்சி தாயே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், நீ சிரித்தாய். நீ சிரித்துக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

ஆனால் மறுநாள் காலையில் பழையபடி எல்லாம் அந்தப் பக்கமே போய்த் திறந்தது, திரும்ப உன்னைக் கூப்பிட்டேன். நீ என்னோடு இருந்த காலத்தில் எந்த விண்டோ எங்கே இருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தி ஒரு செஷனாகச் சேமித்து வைத்தாயே, தினமும் அதைத்தான் அது திறக்கிறதாம். "புது எடத்துல வச்சு அதே பேர்ல ஒரு தடவை சேவ் பண்ணிரும்மா, பழைய எடத்த அது மறந்துரும்" என்று சொன்னாய். சொன்ன அதே மூச்சில்தான் வேலை அங்கேயே நிரந்தரமாகிவிட்டது, பொங்கலுக்கு வர முடியாது, அடுத்த வருசம் பார்ப்போம் என்றும் சொன்னாய். நானும் நல்லதுதானம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

சேவ் பண்ண எனக்குத் தெரியாதா, டைப்பிங் சென்டரில் வேலை பார்த்த கை இது. தெரிந்தும் பண்ணவில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு விண்டோவாக ஆல்ட், ஸ்பேஸ், எம் என்று இழுத்துக்கொண்டு வந்தேன், சாயங்காலம் சேமிக்காமல் மூடினேன். அந்த மேஜையில் நீ இடது பக்கமும் நான் வலது பக்கமுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம், நீ இங்கிலீஷில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டிருப்பாய், நான் யார் வீட்டுப் பத்திரிகையையோ அடித்துக்கொண்டிருப்பேன், என் டம்ளர் டீயைத் தெரியாமல் நீ எடுத்துக் குடித்துவிடுவாய். அந்த இடத்தை என் கையாலேயே மறக்கச் சொல்கிறாயே என்று உன் மேல் கோபம்தான் வந்தது. தனியாகத்தான் இருக்கிறது செல்வி. உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன், சொல்லிவிட்டேன். அதற்காக வேலையை விட்டுவிட்டு வா என்று அர்த்தமில்லை, நீ இந்த வேலைக்காகப் பட்ட பாட்டைப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தவள் நான்.

போன வாரம் முத்துமீனா வந்திருந்தாள், பத்திரிகையில் மண்டபத்தின் பெயரை மாற்ற வேண்டுமாம். நான் ஒவ்வொன்றாக இழுத்து வருவதைப் பார்த்துவிட்டு, "என்ன பெரியம்மா, இதத் தெனமும் இப்பிடிப் பிடிச்சு இழுத்தாத்தான் வேல ஓடுமா?" என்று கேட்டாள். அவள் போன பிறகு எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வைத்துச் சேமித்துவிட்டேன். மறுநாள் காலை எல்லாம் ஒழுங்காகக் கண் முன்னாலேயே திறந்தன. உன்னைக் கூப்பிட்டுக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் நீ சொன்ன மாதிரி அதே பெயரில் சேமிக்கவில்லை. புதிதாக ஒரு பெயர் கொடுத்தேன், நீ வைத்தது அப்படியே இருக்கிறது. வேலை முடிந்ததும் சில சமயம் அதைத் திறக்கிறேன். ஸ்கிரீனில் ஒன்றும் வராது, கீழே பட்டையில் மட்டும் திறந்திருக்கிறது என்று காட்டும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு மூடிவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் என்று தலைக்குக் குளிக்காமல் இருந்துவிடாதே, ராத்திரி ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. குலசாமி உன் கூடவே இருந்து காக்கட்டும், எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. எந்த வருசம் வந்தாலும் சரி, சொல்லாமல் வந்து நிற்காதே, முந்தின நாளே சொல்லிவிடு. நான் திருப்பரங்குன்றம் போய் அழகுபாண்டியிடம் அந்த ஸ்கிரீனை வாங்கி வர வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா ஒச்சம்மாள்