ஆடாதொடை வேலி

அக்கா,

இன்று ஆய்வுக்கூடத்தில் ஆடாதொடை இலையைக் காய்ச்சி வடித்தோம். அந்தக் கசப்பு நெடி மூக்கில் ஏறியதும் குடுவையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். நினைக்கட்டும். எனக்கு நீ அந்த இலை பறிக்கப் போன நாள் நினைவுக்கு வந்தது.

கூலி உயர்வு கேட்டு நம் தெரு அறுவடைக்கு இறங்க மறுத்த வருஷம் அது. தன் வரப்பில் நம் ஆட்கள் கால் வைக்கக் கூடாதென்று மிராசுதார் தமுக்கடித்துச் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து ஃப்ளூ காய்ச்சல் வந்து தெருவே படுத்தது. எனக்கு இருமி இருமி விலாவெல்லாம் நோவு. இருமலுக்குக் கைகண்ட ஆடாதொடையோ மிராசுதாரின் களத்து வேலியில்தான் தழைத்துக் கிடந்தது. இருட்டட்டும், பிறகு போய்ப் பறிக்கலாம் என்று அம்மா சொன்னதற்கு நீ சிரித்தாய்.

"நம்ம ஓட்டுல வந்த ஆட்சிம்மா. ஒரு புடி எலைக்கா புடிச்சுட்டுப் போயிடுவாங்க?"

பட்டப்பகலில் போனாய். பிடித்துக்கொண்டுதான் போனார்கள். ஆட்டை உள்ளே விட வேலியைப் பிரித்தாள் என்று மிராசுதாரின் காரியஸ்தர் புகார் கொடுத்தார். ஆடு வாய் வைக்காத செடி என்பதால்தானே அதை வேலியாக நடுகிறார்கள்? அது அவருக்கும் தெரியும், எழுதிக்கொண்ட போலீஸுக்கும் தெரியும். படுபாவிகள், உன் மடியிலிருந்த இலையைக்கூட சாட்சியென்று பிடுங்கிக்கொண்டார்கள். ஸ்டேஷன் தரையில் கிடந்துவிட்டு நீ வீடு திரும்பியபோது உனக்கும் உடம்பு கொதித்தது.

நான் இலை இல்லாமலே எழுந்து உட்கார்ந்தேன். நீ அந்தப் பொங்கலைப் பார்க்கவில்லை.

இப்போது அதே இலையின் சாறு, தட்டில் வளர்த்த உயிரணுக்களில் ஃப்ளூ வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. மனித உடம்பிலும் தடுக்குமா என்று இன்னும் தெரியாது. போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். இத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததை அம்மா கேட்டுவிட்டாள்.

"நீ படிச்சவ, சொல்லு. அந்த எலை கெடைச்சிருந்தா அவ பொழைச்சிருப்பாளா?"

ஆமாம் என்றால் அம்மா உன்னை மறுபடியும் பறிகொடுப்பாள். இல்லை என்றால் நீ ஒன்றுமில்லாததற்காகப் போனாய் என்றாகிவிடும். தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை. அம்மா கீரை ஆய்வதை நிறுத்தாமலே சொன்னாள்.

"குணமாக்குமோ ஆக்காதோ. அவனுங்க குடுக்கல. அது தெரியும்ல?"

இது மருந்தாகலாம், ஆகாமலும் போகலாம். பொறுமையாகத்தான் சோதித்துப் பார்க்கிறேன். உனக்காகக்கூட அதில் ஒரு பொய் சேர்க்க மாட்டேன். அவர்கள் மேல் எனக்கிருக்கும் கோபத்துக்கு மட்டும் எந்தச் சோதனையும் தேவையில்லை, அக்கா.