புது இன்ஜினுக்கு மஞ்சள்

அன்புள்ள குணசுந்தரிக்கு,

எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டபின் உன் வீட்டுக்காரன் சக்கரபாணி தானே எழுதும் முதல் கடிதம். நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

கோயம்புத்தூரில் நான் சமைத்துப்போடும் ரேஸ் டீமில், காருக்கு வேறு கம்பெனி இன்ஜின் மாற்றிவிட்டார்கள். நம் படகுக்குப் புது இன்ஜின் வந்த அன்று நீ பூசிய மஞ்சளில் பாதி என் சட்டையில் ஒட்டியது நினைவு வந்தது. நானே போய் இதற்கும் பூசிவிட்டேன்.

"யோவ் பெரியவரே, என்னாய்யா இது?" என்று இன்ஜினியர் கத்தினார்.

"எங்க கடலூர்ல வீட்டுக்காரிதான் பூசுவா சார். அவ இங்க இல்லியே."

எல்லாரும் சிரித்தார்கள். "அடுத்த இன்ஜினுக்கு அவுங்களயே கூட்டியாங்க" என்று சொல்லிக்கொண்டே இன்ஜினியர் மஞ்சளைத் துடைத்தார்.

உலை கொதிக்கிறது, முடிக்கிறேன். நெத்திலிக் கருவாடு கொண்டு வா. சிதம்பரத்தில் இருக்கும் நம் மகள் வந்து உன்னை ரயில் ஏற்றிவிடுவாள். அடுத்த இன்ஜின் வர வருஷக்கணக்கில் ஆகுமாம். அதுவரை என்னால் முடியாது, இப்போதே வா.